தாபரிப்பு வழக்கிலை அப்பா சொல்லப்போற சாட்சி

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
யாழ்ப்பாணம்.
25.08.2024

என்ரை அன்பு மகன் லெனாட் அறிய அப்பா எழுதுறது,

மாதாவின்ரை தயவாலை நானும் அம்மாவும் சாப்பிட்டு எழும்பி நடமாடிக்கொண்டு இருக்கிறம், நீயும் உங்கை நோய் நொடி இல்லாமல் இருக்க வேணும் எண்டு ஒவ்வொரு நாளும் செபமாலையிலை உன்ரை பேரைச் சொல்லித்தான் மன்றாடுறம். கையிலை போன் கிடக்க இந்தாள் ஏன் கடிதம் எழுதுது எண்டு நீ யோசிப்பாய். போனிலை நான் நாலு சொல்லுச் சொல்ல முந்தி உனக்கு வேலைக்கு நேரமாயிடும், இல்லாட்டில் அம்மா பக்கத்திலை நிண்டு என்ரை துடையிலை கிள்ளுவா. போன கிழமை வொய்ஸ் மெசேச் போடுவம் எண்டு வெளிக்கிட்டன், அது உனக்கு வராமல் எங்கடை கடற்றொழில் சங்கத்து குறூப்புக்குப் போட்டுது. நல்ல காலம் ரெண்டு தரம் இருமினதோடை கையை எடுத்திட்டன், அதுக்கே ஆறு பேர் மருந்து சொல்லி எழுதியிருந்தவை. அதாலைதான் பேனையைப் பிடிச்சனான். எட்டாம் வகுப்போடை வலை இழுக்கப் போனவன்ரை எழுத்து, பிழை கனக்க இருக்கும், பொறுத்து வாசி. ஆனா பாதியிலை மடிச்சு வைச்சிடாதை தம்பி, கடைசி மட்டும் வாசி.

அம்மாவின்ரை முழங்கால் நோ பழையபடிதான், கோயில் படியிலை ஏறேக்கை மட்டும் நோகுது, திருநாள் கடைக்குப் போகேக்கை நோகிறேல்லை. பிறசர் குளிசையை ஒழுங்காப் போடுறா. சோளகக் காத்து இன்னும் விடேல்லை, நண்டுக்கு வலை போட்டால் பாசிதான் கூட வருகுது. என்னோடை தொழிலுக்கு வாற கொலின்ஸ் சொல்லுறான், அண்ணை, வெளிநாட்டிலை பாசியும் தின்னுவினமாம், உங்கடை மகனிட்டை ஒருக்காக் கேளுங்கோ, நாங்கள் நண்டை விட்டிட்டுப் பாசி ஏத்துவம் எண்டு. அவன்ரை கதை அப்பிடித்தான். எஞ்சினுக்கு ஒரு சாமான் மாத்த வேணும், அதுக்கு அவசரமில்லை, அதுக்காக இதை எழுதேல்லை.

இனி விசயத்துக்கு வாறன். போன வியாழக்கிழமை, ஜெயனி தனக்கும் உன்ரை பிள்ளைக்கும் செலவுக்காசு கேட்டு உன்னிலை போட்ட தாபரிப்பு வழக்குக்குப் போனனான். என்ன நடந்தது எண்டு சட்டத்தரணி பார்த்தீபன் உனக்குச் சொல்லியிருப்பார், ஆனா அவர் சொல்லுறது உனக்குக் கேக்க விருப்பமான பக்கம். நான் சாட்சிக் கூட்டிலை நிண்டவன், நிண்டவன்ரை கதையையும் கேள். உனக்குப் பதிலா நான் நிக்கலாம் எண்டு நீ எழுதித் தந்த அற்றோணித் தத்துவத்தைக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு, நீ அனுப்பின வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு போனன். கழுத்துப் பொத்தானைப் பூட்டினால் எனக்கு மூச்சு வராது, பூட்டாட்டில் அம்மா வெளிக்கிட விடா. கொலையோ களவோ செய்தவைதான் கோட்டு வாசல் மிதிக்கிறவை எண்டு அறுபத்தியேழு வயசு மட்டும் நினைச்சுக்கொண்டிருந்த ஆள் நான். அண்டைக்கு அங்கை நிண்டதிலை கனபேர் கைப்பிள்ளையோடை வந்த பொம்பிளையள். ஜெயனியும் தாயும் வந்திருந்தவை. பிள்ளையை விட்டிட்டு வர வீட்டிலை ஆள் இல்லை எண்டு ஜெனிற்றாவையும் கூட்டிக்கொண்டு வந்தவை. பிள்ளை என்னைக் கண்டவுடனை அப்பப்பா எண்டு ஓடி வந்து என்ரை மடியிலை ஏறியிட்டுது. அங்காலை ஜெயனி தலையைக் குனிஞ்சா, இஞ்சாலை பார்த்தீபன் இருமினார். வழக்கிலை எதிர்ப்பக்கம் எண்டால் என்ன எண்டு ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆர் விளங்கப்படுத்துறது, எனக்கே வடிவா விளங்கேல்லை.

பேரைக் கூப்பிட்டவுடனை கூட்டிலை ஏறி, வேதப்புத்தகத்திலை கை வைச்சுச் சத்தியம் பண்ணினன். பண்ணின கையோடை பழக்கத்திலை நெத்தியிலை சிலுவையும் போட்டன். நீதவான் ஒரு பொம்பிளை, உன்னை விட ரெண்டு மூண்டு வயசு கூட இருக்கும், கண்ணாடிக்குள்ளாலை பார்த்து நீங்கள்தான் எதிராளியின்ரை தகப்பனோ எண்டு கேட்டா. எனக்கு எங்கடை கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடத்திலை முழங்காலிலை நிண்டது ஞாபகம் வந்திட்டுது போல, ஓம் மதர் எண்டு சொல்லிப்போட்டன். பின்னுக்கு ஆரோ சிரிச்சது கேட்டுது. நீதவான் அம்மா சிரிக்கேல்லை, ஆனா பேனையைக் கீழை வைச்சுப்போட்டுத் திரும்ப எடுத்தவ.

பார்த்தீபன் உனக்காக நல்லாத்தான் கதைச்சார், கூலிக்குக் குறை வைக்கேல்லை. உனக்கு நிரந்தர வேலை இல்லையாம், போன வருசம் முழுக்க நீ சும்மா இருந்தனியாம், ஜெயனி தன்ரை எண்ணத்துக்கு வீட்டை விட்டுக் கொழும்புத்துறைக்குத் தாயிட்டைப் போனவவாம், சட்டை தைச்சு உழைக்கிறவவாம், அதாலை ஒண்டும் குடுக்கத் தேவையில்லையாம். நீ காசு அனுப்பாததாலை அவ தாய் வீட்டை போனவவோ, அவ போனதாலை நீ அனுப்பாமல் விட்டனியோ எண்டதிலை ரெண்டு சட்டத்தரணியும் கனநேரம் இழுபட்டவை. அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், உனக்கும் தெரியும், நான் இதிலை எழுதேல்லை. பேந்து உன்ரை செலவுகளை ஒரு பேப்பரைப் பார்த்து வாசிச்சார், அறை வாடகை, றெயில் பாஸ், ஏஜென்சிக்காரன்ரை கடன், சீட்டு, போன். நீதவான் அம்மா முழுக்கக் கேட்டுப்போட்டு, இதிலை பிள்ளையின்ரை பேர் எங்கை வருது எண்டு கேட்டா. பார்த்தீபன் பேப்பரைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். எனக்குக் கூட்டுக்குள்ளை நிண்டபடி எங்கடை வள்ளம்தான் நினைவு வந்தது. மீன் வித்தவுடனை முதல் டீசலுக்கும் ஐசுக்கும் எடுத்து வைச்சிட்டுத்தானே மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறது. எல்லாரும் பங்கெடுத்த பிறகு மிஞ்சினால் எஞ்சினுக்கு டீசல் அடிப்பம் எண்டு ஆரும் சொன்னால் அவனை அடுத்த நாள் கடலுக்கு ஏத்தமாட்டம். நீயும் என்னோடை வள்ளத்திலை வந்தவன்தானே தம்பி, உனக்கு நான் புதுசாச் சொல்லத் தேவையில்லை.

அதுக்குப் பிறகுதான் எனக்கு அடி விழுந்தது. ஜெயனிக்காகக் கதைக்கிற சட்டத்தரணி நிரோஜா எண்டு ஒரு சின்னப்பிள்ளை, குரலும் மெல்லிசு, நான் நினைச்சன் இது சுகமா முடிஞ்சிடும் எண்டு. அவ ஒரு படத்தை எடுத்துக் கையிலை தந்து இது என்ன ஐயா எண்டு கேட்டா. பார்த்தால் எங்கடை ஒழுங்கை முகப்பிலை மாதா சிலை வைச்சுக் கட்டின கெபி. கெபி பிள்ளை எண்டன். ஆர் கட்டினது எண்டு கேட்டா, என்ரை மகன் எண்டன், சொல்லேக்கை நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. எப்ப எண்டு கேட்டா. போன வருசம் மாதா திருநாளுக்கு முதல், சுவாமி வந்து மந்திரிச்சு, பாண்ட் அடிச்சு, வந்த எல்லாருக்கும் கேக்கும் சோடாவும் குடுத்தது எண்டு கேக்காததையும் சேர்த்துச் சொன்னன். சொல்லி முடிய, அப்ப போன வருசம் அவருக்கு வேலை இல்லை எண்டு சத்தியக் கடதாசியிலை இருக்கே ஐயா எண்டா. நான் பார்த்தீபனைப் பார்த்தன், பார்த்தீபன் மேலை சுத்துற ஃபானைப் பார்த்தார். அவ விடேல்லை, கல்லிலை இருக்கிறதைக் கொஞ்சம் வாசியுங்கோ எண்டா. வாசிச்சன், அன்பளிப்பு, செ. லெனாட் குடும்பம், பிரான்ஸ். உன்ரை பேரைத் தனியப் போட்டால் ஊர் ஏதும் கதைக்கும் எண்டு குடும்பம் எண்டு வெட்டச் சொல்லி மேசனோடை நிண்டவன் நான்தான், எங்கடை ஆக்களுக்குத்தான் உந்தப் புத்தி வரும், கடனைக் கேட்டால் கஷ்டம் எண்டுவம், கல்லிலை எல்லாத்தையும் வெட்டி வைப்பம். இந்தக் குடும்பம் எண்டது ஆர் ஆர் ஐயா எண்டு கேட்டா. லெனாட், பெண்சாதி ஜெயனி, மகள் ஜெனிற்றா எண்டன். அவையும் பிரான்சிலையோ இருக்கினம் எண்டா. இல்லைப் பிள்ளை, இஞ்சை கோட்டுக்குள்ளை பின் வாங்கிலை இருக்கினம் எண்டு சொன்னன். வேறை என்னத்தைச் சொல்ல.

பார்த்தீபன் எழும்பி, கெபிக் கல்லு சம்பளத் துண்டு இல்லை எண்டு சொன்னார். அதுக்கு நீதவான் அம்மா ஆறுதலாச் சொன்னதை நான் இயன்ற மட்டும் அப்பிடியே எழுதுறன், நீ கேக்க வேணும். சம்பளத் துண்டு இருக்கோ எண்டு மட்டும் தான் பார்க்கிறேல்லையாம், ஆள் உழைக்கக் கூடியவரோ, எப்பிடி வாழுறார், எதுக்குக் குடுக்கிறார், எதுக்குக் குடுக்கேல்லை, எல்லாம் சேர்த்துத்தானாம் பார்க்கிறது. முப்பத்திநாலு வயசு, நோய் ஒண்டும் இல்லை, கெபி கட்ட வசதி இருந்திருக்கு. தாய் சட்டை தைக்கிறதைத் தாயின்ரை பங்கைத் தீர்மானிக்கேக்கை தான் கணக்கிலை எடுப்பாவாம். ஆனா தாய் உழைக்கிறா எண்டதுக்காகத் தகப்பன்ரை கடமை பிள்ளையிலை இருந்து கழண்டு போகாதாம். ஆர் ஆரை விட்டிட்டுப் போனவை எண்ட சண்டையை ஆறு வயசுப் பிள்ளையின்ரை தலையிலை தான் இறக்கமாட்டாவாம். எனக்கு அந்த இடத்திலை மனம் தாங்கேல்லை. ஆரும் கேக்காமல், என்ரை வள்ளத்திலை பிள்ளைக்கு ஒரு பங்கு வைக்கிறன், அதை எழுதுங்கோ, மகனை விடுங்கோ எண்டு சொன்னன். ஐயா, பேத்திக்கு நீங்கள் என்ன குடுத்தாலும் கோட்டு தடுக்காது, ஆனா கட்டளையிலை உங்கடை பேரை எழுத ஏலாது, வழக்கு உங்கடை மகனிலை எண்டு சொல்லிப்போட்டா. முடிவிலை பிள்ளைக்கு மாதாமாதம் கட்டச் சொல்லி இடைக்காலக் கட்டளை போட்டாச்சு. தொகை பார்த்தீபன் உனக்கு அனுப்பியிருப்பார், அது நீ தாங்க ஏலாத தொகை இல்லை, கட்டாமல் விட்டால் பிடியாணை எண்டும், நீ பேந்து இஞ்சை வந்து இறங்கிறதே பயம் எண்டும் அவரே சொன்னவர். ஜெயனியின்ரை பங்குக்கு, திரும்ப வழக்குக் கூப்பிடுற அடுத்த தவணையிலை சாட்சி கேப்பினம்.

இது மட்டும் எண்டால் நான் கடிதம் எழுதியிருக்கமாட்டன், நாலு நாள் முகத்தைத் தூக்கி வைச்சிருந்திட்டு நீ கட்டுவாய் எண்டு எனக்குத் தெரியும். வெளியிலை வந்து தேத்தண்ணி குடிக்கேக்கை பார்த்தீபன் என்னை ஒதுக்கமாக் கூப்பிட்டார். பிள்ளையின்ரை பங்கை இனி அசைக்க ஏலாது ஐயா, ஆனா பெண்சாதியின்ரை பங்கை விழுத்த வழி இருக்கு, அவ வேறை ஒருத்தனோடை தொடர்பா வாழுறா எண்டு காட்டினால் சட்டத்திலை அவவுக்கு ஒண்டும் இல்லை எண்டார். கஜீபன் எண்டு ஒரு ஓட்டோக்காரன் ஒவ்வொரு நாளும் அவவின்ரை வீட்டு வாசல் படலையிலை நிக்கிறானாமே, மகன் எனக்கு எழுதியிருக்கிறார், அப்பாவைக் கொண்டு சொல்லுவியுங்கோ, அவவின்ரை மாமனாரே சொன்னால் எடுபடும் எண்டு. நான் தேத்தண்ணியைக் கீழை வைச்சன் தம்பி. திரும்பக் கேட்டன், என்ரை மகனோ எழுதினவர் எண்டு. போனை எடுத்துக் காட்டினார். உன்ரை படம் போட்டு, உன்ரை பேர் போட்டு இருந்தது.

உங்கை பாரிசிலை ஆர் உனக்கு இந்தக் கதையைச் சொன்னது எண்டு எனக்குத் தெரியாது, ஆரோ இஞ்சை ஒருத்தி அங்கை ஒருத்தனுக்குப் போனிலை சொல்லியிருப்பாள், அவன் உனக்குச் சொல்லியிருப்பான், வழியிலை ஒவ்வொருத்தரும் கொஞ்சம் உப்புப் போட்டிருப்பினம். இப்ப நான் சொல்லுறதைக் கேள். கஜீபன் அந்தப் படலையிலை நிக்கிறது உண்மை. காலமை நிக்கிறான், பள்ளிக்கூடம் விட்ட பிறகும் நிக்கிறான். அவனை அங்கை நிக்கச் சொன்னது நான். தை மாசம் ஜெனிற்றாவை ஒண்டாம் வகுப்பிலை சேர்க்கேக்கை, ஜெயனி பிள்ளையைச் சைக்கிளிலை வைச்சு அந்தப் பெரிய றோட்டாலை கொண்டுபோறதைக் கண்டிட்டு, பஸ்காரங்கள் ஓடுற ஓட்டத்துக்கு எனக்கு நித்திரை வரேல்லை. கஜீபன் எங்கடை சின்னத்தங்கம் மச்சாளின்ரை பேரன், தவழ்ந்த நாளிலையிருந்து எனக்குத் தெரியும், வாற சித்திரைக்கு அவனுக்குத் தெல்லிப்பழையிலை கலியாணம். அவனிட்டை நான் போய்க் கேட்டன், ஓம் தாத்தா எண்டான். நல்ல மீன் படுகிற நாளிலை அவன்ரை தாயிட்டை ஒரு கோர்வை குடுக்கிறன், அவ்வளவுதான் கூலி. ஓட்டோவிலை ஜெனிற்றாவோடை இன்னும் நாலு பிள்ளையள் போகுதுகள், அதுகளின்ரை படலையிலையும்தான் அவன் நிக்கிறான். அந்தத் தாய்மாரையும் கூட்டிலை ஏத்துவமோ. உனக்கு நான் இதைச் சொல்லாமல் விட்டது, சொன்னால் அப்பா எனக்குக் குத்திக் காட்டுறார் எண்டு நினைப்பாய் எண்டுதான்.

நீ ஜெயனியோடை கோவி, அது உங்கடை விசயம். நானும் உன்ரை அம்மாவும் பொருத்தமான சோடி எண்டு ஆரும் சொல்லமாட்டினம், முப்பத்தெட்டு வருசமா ஒரே கோப்பையிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு சண்டை பிடிக்கிறம். ஒத்து வரேல்லை எண்டால் நேர கதைச்சுப் பிரியலாம், அதுக்கும் சட்டம் இருக்காம், கோயிலிலையும் கதைக்கலாம். ஆனா மாசாமாசம் கொஞ்சக் காசு மிச்சம் பிடிக்க, உன்ரை பிள்ளையைப் பெத்தவளை நாலு பேருக்கு முன்னாலை அப்பிடிச் சொல்லுவிக்கிறது, அதுவும் வேதப்புத்தகத்திலை கை வைச்சு என்னைக் கொண்டு சொல்லுவிக்கிறது, அது என்னாலை ஏலாது ராசா. அது தீர்ப்போடை முடியிற கதையும் இல்லை. நாளைக்கு ஜெனிற்றா பெரிய பிள்ளையானால், இஞ்சத்தைப் பெடி பெட்டையள் கோட்டிலை வந்த கதை எண்டு அவளுக்குத்தான் சொல்லுவினம். அந்தப் பெடியன் கஜீபன்ரை கலியாணமும் நிண்டுபோகும். சாட்சி சொன்னது ஆர் எண்டு கேட்டால், பிள்ளையின்ரை அப்பப்பன் எண்டுவினம்.

அதாலை முந்தநாள் டவுனுக்குப் போய் அற்றோணித் தத்துவத்தைப் பார்த்தீபனிட்டைத் திருப்பிக் குடுத்திட்டன். அவர் நல்லாக் கோவிச்சார், ஐயா வழக்கை நடுக்கடலிலை விடுறியள் எண்டார். நடுக்கடல் எனக்குப் பழக்கம் தம்பி, சத்தியக் கூடுதான் பழக்கமில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்தன். கோட்டு வாசலிலை நிரோஜா பிள்ளையைக் கண்டன், ஒளிக்கிறன் எண்டு தூணுக்குப் பின்னாலை போனால் என்ரை வண்டி வயிறு வெளியிலை தெரிஞ்சிருக்கும், கண்டிட்டு வந்து, கஜீபன்ரை கதை வரப்போகுது எண்டு கேள்விப்பட்டம் ஐயா, உங்களுக்கு ஏதும் தெரிஞ்சால் எங்கடை பக்கத்திலை சாட்சிக்கு வருவியளோ எண்டு கேட்டா. நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இதை நீ வேறை ஆரின்ரையும் வாயாலை கேக்கக் கூடாது எண்டுதான் இந்தக் கடிதம்.

அம்மா எனக்கு ரெண்டு நாளாச் சோறு போட்டு மூடி வைச்சிட்டுப் போறா, கதைக்கிறேல்லை. பெத்த பிள்ளைக்கு எதிராக் கோட்டிலை ஏறின தகப்பன் எண்டு குருநகர் முழுக்கச் சொல்லப் போகுது, அதுக்குத்தானே இந்த வயசிலை வெள்ளைச் சேட்டுப் போட்டியள் எண்டு கேட்டா, அதோடை சரி. அவவிலை பிழை இல்லை, அவவுக்கு நீ ஒரே பெடியன். எனக்கும் நீ ஒரே பெடியன்தான். நான் நல்லவன் எண்டு காட்ட இதைச் செய்யேல்லை, நான் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு என்னோடை கடலுக்கு வந்தவையைக் கேட்டால் தெரியும். எனக்குப் பயமாத்தான் கிடக்கு. நீ இனி என்னோடை கதைக்காமல் விடுவியோ எண்ட பயம், திரும்பக் கூட்டிலை ஏறுற பயத்தை விடப் பெரிசு.

நீ செய்யக்கூடியது ஒண்டு இருக்கு. தவணைக்கு முதல் பார்த்தீபனுக்கு எழுதி, கஜீபன்ரை கதை வேண்டாம், எடுக்கக் கூடாது எண்டு சொல்லு. ஜெயனியின்ரை பங்குக்கு உன்னாலை ஏலுமான ஒரு தொகையை நீயே சொல்லி, சம்மதம் எண்டு எழுதிக் குடு. அப்பிடி ரெண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் நீதவான் அதையே கட்டளையாப் போட்டிடுவாவாம், சாட்சி ஒண்டும் தேவையில்லையாம். நீ அதைச் செய்தால் நான் கோட்டுக்குப் போகாமல் கிழிஞ்ச வலை பொத்தலாம், ஊருக்கும் கதைக்க ஒண்டும் இல்லை. செய்யாட்டில் நான் ஏறுவன். ஏறி, கஜீபனை அங்கை நிக்கச் சொன்னது ஆர் எண்டு கேட்டால், நான்தான் எண்டு சொல்லுவன்.

உடம்பைப் பார்த்துக்கொள், ரெஸ்ரோறன்ற் குசினிக்குள்ளை வேர்வையோடை நிண்டிட்டு உடனை குளிருக்கை இறங்காதை. ஞாயிற்றுக்கிழமையிலை பூசையை விடாதை, போகாட்டிலும் போனன் எண்டு அம்மாவுக்குச் சொல்லு. ஆண்டவரும் மாதாவும் உன்ரை தலையிலை கை வைச்சுக் காப்பாத்த வேணும் எண்டு நான் நெத்தியிலை சிலுவை போடுறன், எந்தப் பக்கத்து வாங்கிலை இருந்தாலும் அந்த ஆசீர்வாதத்திலை குறை இல்லை.

தவணை வாற மாசம் பன்னிரண்டாம் திகதி, வியாழக்கிழமை, காலமை ஒன்பது மணிக்கு. உங்கை அப்ப விடிஞ்சிருக்காது. உள்ளுக்கை போன் கொண்டுபோக விடமாட்டினம், வாசலிலை வாங்கி வைப்பினம். குடுக்க முதல் நான் அதை ஒருக்கா எடுத்துப் பார்ப்பன்.

இப்படிக்கு
உன்ரை அன்பு அப்பா,
ம. செபநாயகம்